இரண்டு விநாடிக் கெடு

அக்டோபர் 9, புதன்

டைரியின் முதல் பக்கத்தில் சுயவிவரம் கேட்டிருந்தது. நிரப்பிவிட்டேன். பெயர்: தங்கபுஷ்பம். வயது: நாற்பத்து மூன்று. வேலை: சாத்தூர் பக்கத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் உதவிப் பேராசிரியை. ரத்த வகை: ஓ பாசிட்டிவ். அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும்: என்னையே.

என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் சிவகாசி அச்சகத்தில் அடுத்த வருஷத்து டைரி தயாராகிவிட்டது. பைண்டிங் கோணலாகிப்போன ஒன்றைக் கொண்டுவந்து, "புஷ்பம், உன் கோவத்தையெல்லாம் இதுல எழுது, எங்கிட்ட காட்டாத" என்றார். சரி, எழுதுகிறேன். தேதியை அடித்துத் திருத்திக்கொள்ள வேண்டியதுதான்.

இன்றைய கோபம் இது. ஏழாவது செமஸ்டர் பைதான் லேப்பில் மாதிரித் தேர்வு. பிள்ளைகள் எழுதும் புரோகிராமைத் திருத்துவதற்கு நானே ஒரு புரோகிராம் எழுதி வைத்திருக்கிறேன். 'திருத்தி' என்று பெயர். அவர்கள் எழுதிய ஃபங்ஷனை, அதாவது கணக்கைப் போடும் பகுதியை எடுத்து, பத்துக் கணக்குகளைக் கொடுத்து ஓடவிட்டு, விடை சரியா என்று பார்த்து மதிப்பெண் போடும். ஐந்து சரியென்றால் பாஸ். மற்ற ஆசிரியர்கள் இரண்டு நாள் உட்கார்ந்து செய்வதை என் திருத்தி டீ ஆறுவதற்குள் செய்துவிடும்.

இன்று பதினோராவதாகச் சமர்ப்பித்த மகராசன் முடிவே இல்லாமல் திரும்பத் திரும்பச் சுற்றும் லூப் ஒன்றை எழுதியிருந்தான். திருத்தி அதை ஓடவிட்டது. ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. அதற்குப் பின்னால் நாற்பத்தேழு பேரின் புரோகிராம் வரிசையில் நிற்கிறது. துறைத் தலைவர் ஞானதுரை சார் எட்டிப் பார்த்து, "என்ன மேடம், உங்க திருத்திக்குத் தலைசுத்தலா?" என்றார். எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்று இருந்தது.

அக்டோபர் 10, வியாழன்

ஒரு ஃபங்ஷன் இவ்வளவு நேரம்தான் ஓடலாம் என்று கெடு வைக்க வேண்டும். விஷயம் அவ்வளவுதான். இதற்குப் போய் யாரும் மலைக்க வேண்டியதில்லை.

முதலில் அலாரம் வைக்கும் முறையை முயன்றேன். இத்தனை விநாடி கழித்து மணி அடி, அடித்ததும் வேலையை நிறுத்து என்று சொல்லலாம். ஆனால் அது விண்டோஸில் நடக்காதாம். எங்கள் சர்வர் விண்டோஸ். சர்வர் என்பது மரியாதைக்கு வைத்த பெயர். லேப் மூலையில், ஜன்னல் பக்கம் இருக்கும் பழைய கம்ப்யூட்டர்தான் அது.

குழாயில் எட்டு நாள் கழித்துத் தண்ணீர் வந்தது. எல்லாக் குடத்தையும் பிடித்துவிட்டேன்.

அக்டோபர் 14, திங்கள்

முடித்துவிட்டேன்! ஏழே வரி.

பிள்ளைகளின் ஃபங்ஷனைத் திருத்தி இனி தானே ஓட்டாது. த்ரெட் என்று சொல்லும் ஒரு கிளை வேலையாகப் பக்கத்தில் ஓடவிடும். இரண்டு விநாடி காத்திருக்கும். விடை வந்தால் மதிப்பெண். வராவிட்டால் 'நேரம் கடந்தது' என்று குறித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடும். சரியாக எழுதிய எந்த ஃபங்ஷனுக்கும் அரை விநாடிகூடத் தேவைப்படாது. நான் இரண்டு கொடுக்கிறேன். தாராளம்.

முடிவில்லாத லூப் ஒன்றை நானே எழுதிக் கொடுத்துப் பார்த்தேன். டாண் என்று இரண்டாவது விநாடியில் 'நேரம் கடந்தது' என்று வந்தது. லேப் டெக்னீஷியன் தவசிலிங்கத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் எனக்கு எட்டு வருஷம் சீனியர். இந்த லேப் கட்டின நாளிலிருந்து இருக்கிறார். "ஆளு அவுட்டா மேடம்?" என்றார். "அவுட்டுதான்" என்றேன்.

ஞானதுரை சாரிடமும் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. எனக்கு அதுவே போதும்.

நவம்பர் 20, புதன்

செமஸ்டர் பிராக்டிகல் தேர்வு. ஐம்பத்தெட்டுப் பேர். பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை. ஒரு தடவைதான் சமர்ப்பிக்கலாம். மதிப்பெண்ணை உடனே காட்டாது. காட்டினால் லேப்பிலேயே அழுகை ஆரம்பித்துவிடும், எனக்கு அது ஆகாது.

ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. என்னுடைய இத்தனை வருஷ வேலையில் இவ்வளவு அமைதியாக ஒரு பிராக்டிகல் நடந்ததே இல்லை.

நாலு மணிக்குத் தவசிலிங்கம் ஸ்டாஃப் ரூமுக்கு வந்தார். "மேடம், சர்வரு கெடந்து கத்துது. ஃபேன் சத்தம் வராண்டா வரைக்கும் கேக்குது. எக்ஸாம் முடிஞ்சு மூணு மணி நேரமாச்சு, அது என்னத்த முக்கிக்கிட்டு இருக்கு?"

"தூசி அடைச்சிருக்கும். ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்றேன். செய்தார். சத்தம் நின்றுவிட்டது.

நவம்பர் 28, வியாழன்

ரிசல்ட். ஐம்பத்தெட்டில் இருபத்து நாலு பேர் ஃபெயில். ஞானதுரை சார், "கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கே மேடம்" என்றார். "முன்னாடி நாம கண்ணை மூடிக்கிட்டு மார்க் போட்டோம் சார், திருத்திக்குக் கண்ணு மூடத் தெரியாது" என்றேன்.

முத்துப்பேச்சியும் ஃபெயில். பூஜ்ஜியம். பத்தும் 'நேரம் கடந்தது'. கொஞ்சம் ஆச்சரியமாகத்தான் இருந்தது, மற்ற பேப்பரிலெல்லாம் நன்றாக எழுதுகிறவள். ஆனால் அதிகம் பேசுகிறவர்கள் லேப்பில் இப்படித்தான். ஆகஸ்டில் நான் போர்டில் எழுதிக்கொண்டிருந்தபோது, ஐம்பத்தேழு பேர் முன்னால் எழுந்து, "மேம், அந்த லூப்பு ஒம்போதுலயே நின்னுரும், பத்து வராது" என்றவள் அவள். அவள் சொன்னது சரிதான். சொன்ன விதம்தான் சரியில்லை.

நோட்டீஸ் போர்டைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள். "எங்க தப்புன்னு சொல்லுவீங்களா மேம்?" என்றாள். "நேரம் கடந்துருச்சும்மா. உன் லூப்பு எங்கயோ முடியாமச் சுத்துது. வீட்டுல போய் நீயே கண்டுபிடி, அப்பத்தான் மண்டையில நிக்கும்" என்றேன். "சரிங்க மேம்" என்று போய்விட்டாள்.

டிசம்பர் 12, வியாழன்

கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் பெரிய கம்பெனி வந்திருந்தது. அரியர் இருப்பவர்கள் உட்கார முடியாது. வராண்டாவில் வரிசை கட்டி நின்றவர்களுக்கு டோக்கன் கொடுக்கும் வேலையை முத்துப்பேச்சி செய்துகொண்டிருந்தாள். யார் அவளிடம் அந்த வேலையைக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. நான் வேறு வழியாகப் போய்விட்டேன்.

மே 6, செவ்வாய்

ஐந்து மாதமாக டைரியைத் தொடவில்லை. கோபம் வராத மாதங்கள் என்று வைத்துக்கொள்ளலாம். இவர் நம்ப மாட்டார்.

இன்று அரியர் பிராக்டிகல். போன வருஷத்துப் பாக்கி இரண்டு பேரையும் சேர்த்து இருபத்தாறு பேர். அதே திருத்தி, அதே இரண்டு விநாடி. முத்துப்பேச்சி பன்னிரண்டே முக்கால் வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குச் சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறதாம், அவளே தேடிக்கொண்டது. ஜூன் பதினாறு சேர வேண்டும். அரியர் எதுவும் இல்லை என்று கல்லூரிச் சான்றிதழ் காட்டினால்தான் சேர்த்துக்கொள்வார்கள். இந்த ஒரு பேப்பர்தான் பாக்கி. இதெல்லாம் அவள் சொல்லவில்லை, தவசிலிங்கம் சொன்னார். எல்லாரும் எல்லாவற்றையும் அவரிடம்தான் சொல்கிறார்கள்.

சாயந்தரம் சர்வர் மறுபடியும் கத்தியது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொன்னேன்.

மே 15, வியாழன்

முத்துப்பேச்சி மறுபடியும் பூஜ்ஜியம். பத்தும் 'நேரம் கடந்தது'.

ரிசல்ட் ஒட்டிய பத்தாவது நிமிஷம் ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்றாள்.

"மேம், என் புரோகிராம ஒரு தடவ ஓட்டிப் பாருங்க மேம். எங்கிட்ட லேப்டாப்ல ஓடுது. கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள விடை வருது."

"வீட்டுல ஓடுறதெல்லாம் கணக்குல வராதும்மா. எக்ஸாம்ல என்ன எழுதினியோ அதான்."

"அதே புரோகிராம்தான் மேம். ஒரு எழுத்துகூட மாத்தலை."

"பிராக்டிகலுக்கு ரீவேல்யூவேஷன் கிடையாதுன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும் மேம். ரீவேல்யூவேஷன் கேக்கலை. ஓட்டிப் பாக்கச் சொல்றேன். ஒரே ஒரு தடவ."

நான் ஒரு தடவை பார்த்திருக்கலாம். ஒரு நிமிஷ வேலை. ஆனால் ஒருத்திக்குப் பார்த்தால் நாளைக்கு எல்லாரும் வந்து நிற்பார்கள், நியாயம் என்று ஒன்று இருக்கிறது. "திருத்திக்கு உன் மேல என்னம்மா கோவம்? அதுக்கு உன் பேருகூடத் தெரியாது" என்றேன். "ஆமா மேம், அதுக்குக் கோவமில்லை" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

என்ன அர்த்தத்தில் சொன்னாள் என்று யோசிக்க எனக்கு நேரமில்லை. இருபத்து மூன்றாம் தேதி கோவில்பட்டியில் ஆசிரியர்களுக்கான பயிற்சிப் பட்டறை. பேச்சாளர் நான். தலைப்பு: 'தானாகத் திருத்தும் தேர்வு முறை'. பட்டுச் சேலையா காட்டன் சேலையா என்பதுதான் இப்போதைக்கு என் கவலை.

மே 23, வெள்ளி

காட்டன் சேலை. நல்ல முடிவு, அந்த ஹாலில் ஏசி வேலை செய்யவில்லை.

நாற்பது ஆசிரியர்கள். பேச்சு மிக நன்றாக இருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். கெடு வைப்பதைக் காட்டத் தனியாக ஒரு ஃபங்ஷன் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். அரை விநாடிக்கு ஒருமுறை ஓர் எண்ணைத் திரையில் போடும். ஒன்று, இரண்டு என்று முடிவில்லாமல் போகும். எல்லாருக்கும் கண்ணுக்குத் தெரிய வேண்டுமே என்பதற்காக அப்படி எழுதினேன். ஓடவிட்டேன். 1, 2, 3, 4. 'நேரம் கடந்தது'. கைதட்டினார்கள்.

கைதட்டல் அடங்குவதற்குள் அதற்குக் கீழே 5 வந்தது. 6. 7.

மூன்றாவது வரிசையில் ஒரு நரைத்த மீசைக்காரர், "மேடம், நின்னு போச்சுன்னு சொன்னீங்க. எண்ணிக்கிட்டே இருக்கே?" என்றார்.

"அது முன்னாடியே மெமரியில இருந்தது சார். ஸ்க்ரீனுக்கு லேட்டா வருது" என்று சொல்லி லேப்டாப்பை மூடிவிட்டு, டீ பிரேக் என்று அறிவித்தேன். சமாளித்துவிட்டேன். யாரும் அதற்கப்புறம் கேட்கவில்லை.

23 வரைக்கும் போனது. நான் எண்ணவில்லை, கண்ணில் பட்டது.

மே 24, சனி

தலைவலி. இட்லிக்கு ஊறப்போட்டேன்.

மே 25, ஞாயிறு

இன்றும் தலைவலி. மாவை ஃபிரிட்ஜில் வைக்க மறந்து புளித்துவிட்டது. பட்டறை எப்படிப் போனது என்று இவர் மூன்றாவது தடவை கேட்டார். நன்றாகப் போனது என்று மூன்றாவது தடவை சொன்னேன். "அப்புறம் ஏன் காலையிலேருந்து ஒரே டம்ளரைக் கழுவிக்கிட்டு இருக்க?" என்றார். இந்த மனுஷனுக்குக் கண் மட்டும் நன்றாகத் தெரிகிறது.

மே 26, திங்கள்

இன்று நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

எட்டரைக்கே லேப்புக்குப் போனேன். தவசிலிங்கம் பெருக்கிக்கொண்டிருந்தார். திருத்தியைத் திறந்து, கோவில்பட்டியில் காட்டிய அதே ஃபங்ஷனைக் கொடுத்தேன். 'நேரம் கடந்தது' வந்தது. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து திரையைப் பார்த்தேன். பத்து நிமிஷம் கழித்தும் எண்ணிக்கொண்டே இருந்தது. ஆயிரத்து இருநூறைத் தாண்டிவிட்டது.

அது நிற்கவே இல்லை. இரண்டு விநாடி ஆனதும் நின்றது என் காத்திருப்பு மட்டும்தான். அறைக் கதவைச் சாத்திவிட்டு, உள்ளே இருந்தவர் வீட்டுக்குப் போய்விட்டார் என்று நானே முடிவு செய்துகொண்டிருக்கிறேன். அவர் உள்ளேதான் இருக்கிறார், வேலை செய்துகொண்டுதான் இருக்கிறார்.

தவசிலிங்கம் துடைப்பத்தோடு வந்து நின்றார். "ஆளு அவுட்டுன்னீங்களே மேடம்?"

"அவுட்டுன்னு எழுதினேன். அனுப்பலை" என்றேன்.

"அப்ப அன்னைக்குச் சர்வரு கத்துனது தூசியால இல்லையா?"

இல்லை. பைதானில் இந்தக் கிளை வேலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடுவதில்லை. ஒன்றன்பின் ஒன்றாகத் துளித்துளியாக நேரத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும். முடிவில்லாத லூப்பை ஒருவன் எழுதினால், பத்துக் கணக்குக்கும் பத்து லூப் பின்னால் நின்றுகொண்டு சுற்றும். இரண்டு பேர் எழுதினால் இருபது. அதற்குப் பிறகு வருகிறவன் எவ்வளவு சரியாக எழுதியிருந்தாலும் அவனுக்குக் கிடைக்கும் பங்கு இருபத்தொன்றில் ஒன்று. கால் விநாடியில் முடிகிற வேலைக்கு ஐந்து விநாடி ஆகும். நான் கொடுத்ததோ இரண்டு.

மே மாதத் தேர்வின் ரிசல்ட்டைச் சமர்ப்பித்த நேரப்படி அடுக்கிப் பார்த்தேன். பன்னிரண்டு மணிக்கு முன்னால் கொடுத்தவர்கள் பதினைந்து பேர். பதினொரு பேர் பாஸ். பன்னிரண்டுக்குப் பின்னால் பதினொரு பேர். ஒருவர்கூடப் பாஸ் இல்லை. இதைப் பார்க்க எனக்கு ஒரு நிமிஷம் ஆனது. எந்த நாளிலும் பார்த்திருக்கலாம்.

சர்வரை அணைத்துப் போட்டு, முத்துப்பேச்சியின் புரோகிராமைத் தனியாக ஓட்டினேன். பத்துக்குப் பத்து. ஒவ்வொன்றுக்கும் கால் விநாடி.

வெட்கமாக இருந்தது. அவள் கேட்டது ஒரே ஒரு தடவை. அவளுக்குப் பார்த்தால் எல்லாருக்கும் பார்க்க வேண்டும் என்று நான் எழுதியது பொய். ஆகஸ்டில் போர்டு முன்னால் நின்றபோது வந்த கோபம் எனக்கு இன்னும் போகவில்லை, அதுதான் உண்மை.

ஜூன் பதினாறுக்கு இருபத்தொரு நாள் இருக்கிறது. சான்றிதழ் வாங்கிக் கொடுத்துவிடுவேன். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

மே 27, செவ்வாய்

திருத்தியைச் சரிசெய்துவிட்டேன். இனி ஒவ்வொரு ஃபங்ஷனும் தனி புராசஸாக, தனி வீட்டில் ஓடும். நேரம் முடிந்தால் வீட்டோடு காலி. ஒரு மணி நேரம் லூப்புகளாகக் கொட்டிப் பார்த்தேன், சர்வர் கத்தவே இல்லை. பன்னிரண்டுக்குப் பின்னால் கொடுத்த பதினொரு பேருடையதையும் மறுபடி ஓட்டினேன். ஏழு பேர் பாஸ்.

ஞானதுரை சாரிடம் போய்ச் சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னார்.

"மேடம், ஜூலைல உங்க அசோசியேட் புரொஃபசர் புரமோஷன் இன்டர்வியூ. இப்பப் போய் இதைக் கிளப்பணுமா?"

"அந்தப் பொண்ணு பதினாறாம் தேதி சேரணும் சார்."

"அந்தப் பொண்ணுக்கு மட்டும் வேணா ஏதாச்சும் பண்ணி விட்ருவோம். மார்க் என்ட்ரி தப்புன்னு ஒரு லெட்டர் குடுங்க, நான் கையெழுத்துப் போடுறேன்."

"மத்த ஆறு பேரு?"

"அவங்க யாரும் வந்து கேக்கலையே மேடம்."

"கேக்கலை சார். தான் ஃபெயிலுன்னு நம்பிட்டுப் போயிட்டாங்க. எனக்கு அதுதான் தாங்கலை."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்ட மனுஷன் இல்லை, பயந்த மனுஷன். "எக்ஸாம் கமிட்டிக்கு எழுதுங்க" என்றார். எழுதிக்கொண்டுதான் போயிருந்தேன். மேஜை மேல் வைத்தேன்.

மே 28, புதன்

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "கோவில்பட்டியில பொய் சொன்னியா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். பட்டறை நடத்திய கல்லூரிக்கும் வந்திருந்த ஆசிரியர்களுக்கும் ஒரு மெயில் போட்டு, அன்று நான் சொன்ன பதில் தவறு, அந்த முறையைப் பயன்படுத்த வேண்டாம், சரியான முறை இதோ என்று அனுப்பினேன். மீசைக்காரர் ஒரு மணி நேரத்தில் பதில் போட்டார்: "நன்றி மேடம். அன்றைக்கே வீட்டுக்குப் போய் ஓட்டிப் பார்த்துவிட்டேன்."

போகட்டும்.

ஜூன் 3, செவ்வாய்

கமிட்டி. ஐந்து பேர். பிரின்சிபால் நடுவில்.

ஒருவர் நைசாகக் கேட்டார்: "மேடம், இது மெஷின் கோளாறுதானே? சர்வர் பழசு. அப்படி எழுதிட்டா எல்லாருக்கும் நல்லது."

"சர்வர் பழசுதான் சார். ஆனா அது சொன்னதைச் செஞ்சது. சொன்னது நான்."

அந்த வாக்கியத்தை அப்படியே கூட்டக் குறிப்பில் எழுதச் சொன்னேன். என் புரமோஷன் இன்டர்வியூ அடுத்த வருஷம் என்று ஆகிவிட்டது. தேர்வுப் பொறுப்பும் இனி எனக்கில்லை. திருத்தி மட்டும் இருக்கும், ஆனால் யாராவது இரண்டாவது ஆள் சரிபார்க்க வேண்டும். இது நான் கேட்டே வாங்கியது. அழுகை வரும் என்று நினைத்தேன், பசிதான் வந்தது. கேன்டீனில் இரண்டு வடை சாப்பிட்டேன்.

ஜூன் 10, செவ்வாய்

கமிட்டி ஒப்புக்கொண்டாலும் திருத்திய ரிசல்ட்டில் தேர்வுக் கன்ட்ரோலர் கையெழுத்து வேண்டும். ஃபைல் அவர் மேஜைக்குப் போய் ஆறு நாள். "அடுத்த வாரம் பாக்கலாம் மேடம்" என்றார் அவருடைய கிளார்க். அவர் அறை வாசலில் ஒரு நாற்காலி போட்டு, காலை பத்திலிருந்து உட்கார்ந்துவிட்டேன். விடைத்தாள் கட்டு ஒன்றையும் கையோடு கொண்டுபோய்த் திருத்திக்கொண்டிருந்தேன். கன்ட்ரோலர் உள்ளே போகும்போது ஒரு தடவை, சாப்பிட வெளியே வரும்போது ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை என்னைப் பார்த்தார். நாலு மணிக்குக் கையெழுத்து ஆகிவிட்டது. நான் எழுந்திருப்பேன் என்ற நம்பிக்கை அவருக்குப் போய்விட்டது போலிருக்கிறது.

ஜூன் 11, புதன்

ஏழு பேருக்கும் நானே ஃபோன் செய்தேன். ஒருத்தி அழுதாள். ஒருவன் அம்மாவிடம் ஃபோனைக் கொடுத்து, மறுபடியும் சொல்லச் சொன்னான். இன்னொருவன், "மேம், நம்பர் மாத்திப் போட்டுட்டீங்க, நான் ஃபெயில் ஆனவன்" என்று வைத்தே விட்டான். திரும்பவும் போட்டுப் பேரையும் பதிவெண்ணையும் சொன்னேன். அப்படியும் அவன் நம்பவில்லை.

முத்துப்பேச்சிதான் கடைசி. "சரிங்க மேம். வெள்ளிக்கிழமை வந்து சர்டிஃபிகேட் வாங்கிக்கிறேன்" என்றாள். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். பஸ் சத்தத்தில் ஃபோன் கட்டாகிவிட்டது என்று எழுதலாம். நான்தான் வைத்தேன்.

ஜூன் 13, வெள்ளி

பதினொரு மணிக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி டிக்கெட் போட்டாகிவிட்டதாம். சான்றிதழை இரண்டு தடவை படித்துப் பார்த்து, பிளாஸ்டிக் கவரில் வைத்துக்கொண்டாள்.

"மன்னிச்சிக்கோம்மா. நீ கேட்ட அன்னைக்கே நான் பார்த்திருக்கணும்" என்றேன். நின்றுகொண்டுதான் சொன்னேன்.

"பரவால்ல மேம்" என்றாள். போகவில்லை.

"என்னம்மா?"

"நவம்பர்லயும் இதே திருத்திதானே மேம்?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்கு மே இருபத்தாறிலிருந்து தெரியும். இந்த டைரியில்கூட அதைப் பற்றி ஒரு வரி எழுதாமல் இவ்வளவு பக்கம் தாண்டி வந்திருக்கிறேன். அவளுக்குச் சான்றிதழ் கையில் வந்துவிட்டால் அது தானாகப் போய்விடும் என்று நினைத்தேன்.

"ஆமா. இதேதான்" என்றேன். "வா, சேர்ந்தே பார்ப்போம்."

லேப்பில் தவசிலிங்கம் இருந்தார். நாற்காலி இழுத்துப் போட்டார். நவம்பர் ஃபைலைத் தேடி எடுத்தேன். அவள் புரோகிராம். சமர்ப்பித்த நேரம் பன்னிரண்டு ஐம்பத்தொன்று. புதிய திருத்தியில் கொடுத்தேன். ஒவ்வொன்றாக வந்தது. சரி. சரி. சரி. பத்தும் சரி.

கேம்பஸ் இன்டர்வியூ அன்று வராண்டாவில் அவள் டோக்கன் கொடுத்துக்கொண்டு நின்றது என் கண் முன்னால் வந்தது.

"பதினொண்ணரைக்கே முடிச்சிட்டேன் மேம்" என்றாள். "தப்பு இருந்துரக் கூடாதேன்னு திரும்பத் திரும்பப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். அதான் லேட்டு."

பிறகு பையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தாள். நவம்பர் புரோகிராமை ஞாபகத்திலிருந்து அதில் எழுதி வைத்திருந்தாள். பதினாறு வரி. "வீட்டுல போய் நீயே கண்டுபிடின்னு சொன்னீங்கல்ல மேம். ஆறு மாசமாத் தேடுறேன். லேப்டாப்ல ஓடத்தான் செய்யுது, எங்க தப்புன்னு தெரியலை. எந்த வரியைப் பாத்தாலும் இதுவா இருக்குமோன்னு தோணும்."

ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி. சில வரிக்கு இரண்டு, மூன்று. ஓரத்தில் பென்சிலில் கணக்குப் போட்டுப் போட்டு அழித்த தடம்.

"இதுல தப்பே இல்லைம்மா" என்றேன். அவள் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னது காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. இத்தனை நாள் தேடியவளுக்கு வெறும் வாயால் சொன்னால் போதாது என்று புரிந்தது.

நோட்டை வாங்கி மேஜையில் வைத்தேன். பேனாவை எடுத்து முதல் வரியிலிருந்து ஆரம்பித்தேன். "இது சரி" என்று சொல்லி முதல் கேள்விக்குறியை அடித்தேன். "இது சரி" என்று சொல்லி இரண்டாவதை அடித்தேன். அவள் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டே வந்தாள். ஒன்பதாவது வரியில் பேனாவைத் தடுத்து, "இது நெஜமாவே சரியா மேம்? இதுலதான் எனக்கு ரொம்பச் சந்தேகம்" என்றாள். ஏன் சரி என்று போட்டுக் காட்டினேன். தலையாட்டினாள். பதினாறாவதை அடித்து முடிக்கிற வரைக்கும் அவள் நோட்டைத் திருப்பிக் கேட்கவில்லை.